லாவெண்டர்: குப்பிக்குள் இருப்பது என்ன?



சென்ற மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உபவாசக் கூடுகைக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். எங்கள் சபையின் இளம் சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, பிள்ளை லாவெண்டர் எண்ணெயைக் குடித்துவிட்டான். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டுமா?" என்று அழுகையினூடே கேட்டார். இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராகப் பணிசெய்து ஓய்வுபெற்றவள் என்பதால், நள்ளிரவானாலும் சபையார் என்னை அழைப்பது வழக்கம். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்றும், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகும்படியும் சொல்லிவிட்டு, நானும் ஓர் ஆட்டோவைப் பிடித்துச் சென்றேன்.

பிள்ளைக்கு இரண்டு வயது நிறையவில்லை. கண்கள் செருகி, தலை தொங்கிக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவின் மருத்துவர் குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதற்குள் என்ன இருக்கிறது?" என்றார். பதில் சொல்ல ஒருவராலும் கூடவில்லை. ஏனெனில் குப்பியின்மேல் ஊதாநிறப் பூவின் படமும், மரியாள் இயேசுவின் பாதத்தில் பூசிய பரிசுத்த லாவெண்டர் தைலம் என்ற வாசகமும், உள்ளுக்கும் வெளிக்கும் ஏற்றது என்ற குறிப்பும் மாத்திரமே இருந்தன. ஒரு கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே அறுபது ரூபாய்க்கு வாங்கியதாம். அளவு பத்து மில்லிலிட்டர். கணவருக்கு இரவுப்பணி, பகலில் நித்திரை வராமல் தவித்தார் என்பதற்காக வாங்கிய தைலம் அது. தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

தேவகிருபையால் ஓர் இரவுக் கண்காணிப்போடு பிள்ளை தேறிவிட்டான். ஆனால் மருத்துவர் கேட்ட கேள்வி என்னை விட்டு அகலவில்லை. இன்று நகரங்களில் சோப்பிலும் ஷாம்புவிலும், தரை துடைக்கும் திரவத்திலும், குழந்தைகளின் பவுடரிலும் லாவெண்டர் என்ற பெயரைக் காணாத வீடு இல்லை. நம் தாய்மாருக்குத் தெரியாத ஒரு செடி, நம் பிள்ளைகளின் தொட்டில்வரை வந்துவிட்டது. அதைக் குறித்து அறிந்துகொள்வது நலம் என்றெண்ணியே இதை எழுதுகிறேன்.

துளசியின் உறவுக்காரச் செடி

லாவெண்டர் மத்தியதரைக்கடல் பகுதியின் மலைச்சரிவுகளுக்கு உரிய ஒரு குற்றுச்செடி. துளசி, புதினா, நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி ஆகியவை சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. கல்லும் சுண்ணாம்பும் கலந்த நிலம், நல்ல வெயில், குறைந்த ஈரம் இவையே அதற்குப் பிடித்தவை. ஆகையால் மும்பையின் மழைக்காலத்தில் பால்கனித் தொட்டியில் வைத்தால் வேர் அழுகிப்போகும். நர்சரிக்காரர் எத்தனை உறுதி கூறினாலும் வாங்கி ஏமாற வேண்டாம். நான் இரண்டு முறை ஏமாந்தவள்.

லாவெண்டர் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் எண்ணெய்கள் மூன்று வகை. முதலாவது, உயரமான மலைப்பகுதிகளில் விளையும் மெய்யான லாவெண்டர். இதைத் தாவரவியலார் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்பர். இதன் மணம் மென்மையானது. இரண்டாவது, தாழ்வான இடங்களில் வளரும் ஸ்பைக் லாவெண்டர். இதில் கற்பூரத்தின் நெடி மிகுதி. இவ்விரண்டின் கலப்பினால் உண்டான மூன்றாவது வகைக்கு லாவண்டின் என்று பெயர். லாவண்டின் மிகுதியான எண்ணெய் தரும், விலையும் குறைவு. பிரான்சு நாட்டின் புரொவான்ஸ் பகுதியைக் குறித்த படங்களில் நாம் காணும் நெடிய ஊதா வயல்களில் பெரும்பாலானவை லாவண்டின் வயல்களே. சோப்புக்கும் சலவைத்தூளுக்கும் போவது பெரும்பாலும் அதுதான். நித்திரைக்கும் மன அமைதிக்கும் உதவும் என்று ஆய்வுகள் பேசுவதோ மெய்யான லாவெண்டரைக் குறித்தே. குப்பியில் தாவரப் பெயர் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அது எந்தச் செடியிலிருந்தும் வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனைப்பொருளை ஏதோ ஓர் எண்ணெயில் கலந்து, ஊதாநிறமும் சேர்த்துக் குப்பியில் அடைப்பது. மெய்யான லாவெண்டர் எண்ணெய் ஊதாநிறமாக இராது என்பதைக் கவனியுங்கள். அது நிறமற்றதாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும்.

பதர்வாவின் வயல்களும் அறுபது ரூபாய்க் கணக்கும்

மெய்யான லாவெண்டரை இப்போது நம் தேசத்திலேயே விளைவிக்கிறார்கள். ஜம்முவின் தோடா மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், பதர்வா என்ற பள்ளத்தாக்கு உண்டு. மக்காச்சோளம் பயிரிட்டு வந்த சிறு விவசாயிகள் பலர் அங்கே லாவெண்டருக்கு மாறியிருக்கின்றனர். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் நறுமணப் பயிர்த் திட்டத்தின்கீழ், ஜம்முவிலுள்ள ஆராய்ச்சி நிறுவனம் அவர்களுக்கு நாற்றுகளை வழங்கி, வாலை வடிக்கும் கொப்பரைகளையும் நிறுவிக்கொடுத்தது. ஊதாப் புரட்சி என்று பெயர்பெற்ற இம்முயற்சியின் காட்சி, 2024ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பிலும் இடம்பெற்றது.

மானாவாரி நிலத்திற்கு ஏற்ற பயிர் அது. கால்நடைகள் அதை மேய்வதில்லை. ஒருமுறை நட்டால் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பலன் தரும். ஜூன், ஜூலை மாதங்களில் பூங்கதிர்களை அறுத்துக் கொப்பரையில் இட்டு நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவியோடு எழும்பும் எண்ணெய், குளிர்ந்த குழாய் வழியே இறங்கித் தண்ணீரின்மேல் மிதக்கும். அதைப் பிரித்தெடுப்பதே லாவெண்டர் தைலம். நூறு கிலோ பூங்கதிரை வடித்தாலும் கிடைக்கும் எண்ணெய் ஓரிரு கிலோவைத் தாண்டுவது அரிது. ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடி வந்த நமக்கு, சொந்த நிலத்திலேயே பிழைக்க வழிகண்ட அந்த விவசாயிகளின் செய்தி சற்றுப் பொறாமையையும் தருகிறது, அதை மறைப்பானேன்?

இப்போது அறுபது ரூபாய்க் குப்பிக்கு வருவோம். பதர்வா எண்ணெய் லிட்டருக்குக் குறைந்தது பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கிறது என்று செய்திகளில் வாசிக்கிறோம். லிட்டர் பத்தாயிரம் என்றால், பத்து மில்லிலிட்டருக்கு எண்ணெயின் விலை மாத்திரமே நூறு ரூபாய். அதன்மேல் கண்ணாடிக் குப்பி, அட்டைப்பெட்டி, போக்குவரத்து, வரி, கடைக்காரரின் ஆதாயம் எல்லாம் ஏறவேண்டும். அப்படியானால் அறுபது ரூபாய்க் குப்பிக்குள் இருந்தது என்ன? மருத்துவமனை வராந்தாவில் அந்தச் சகோதரியின் கணவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனை உண்டு. வெள்ளைத்தாளின்மேல் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். ஆவியாகும் எண்ணெய் மாத்திரமே இருந்தால் கறை ஏறக்குறைய மறைந்துபோகும். எண்ணெய்ப் பிசுக்கு நிலைத்து நின்றால், வேறு சமையல் எண்ணெயோ கனிம எண்ணெயோ கலந்திருக்கிறது. ஆனால் செயற்கை வாசனைப்பொருளை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும். ஆகவே தாவரப் பெயரும், விளைந்த நாடும், தயாரிப்புத் தொகுதி எண்ணும், தயாரித்தவரின் முழு முகவரியும் உள்ள கருநிறக் கண்ணாடிக் குப்பியையே வாங்குங்கள்.

மரியாள் பூசியது இதுவா?

அந்தக் குப்பியின்மேல் இருந்த வாசகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பெத்தானியாவில் மரியாள் நம்முடைய ஆண்டவரின் பாதத்தில் பூசியது நளதம் என்று யோவான் 12ஆம் அதிகாரம் தெளிவாகக் கூறுகிறது. நளதம் வேறு, லாவெண்டர் வேறு. பழைய ஐரோப்பிய மூலிகை நூல்களில் லாவெண்டரையும் ஒருவகை நார்து என்றழைத்த வழக்கம் இருந்தபடியால் இந்தக் குழப்பம் உண்டாயிற்று. லாவெண்டர் என்ற பெயர் நம் தமிழ் வேதாகமத்தில் எங்கும் இல்லை.

நளதம் என்பது இமயமலையில் மூவாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் வளரும் ஒரு சிறுசெடியின் வேர்த்தண்டிலிருந்து எடுக்கப்படுவது. நம் நாட்டுமருந்துக் கடைகளில் சடாமாஞ்சில் என்ற பெயரில் கிடைக்கிறதே, அதுதான். லாவெண்டர் பூவின் மணம்; நளதமோ வேரின் மணம், மண்வாசனை கலந்த கனத்த மணம். இமயத்தில் தோண்டப்பட்ட வேர் எருசலேமுக்கு அருகில் எவ்வாறு சென்றது? முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் ஏற்றுமதியான சரக்குகளுள் கங்கைக்கரை நார்தையும் குறிப்பிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் வியன்னாவில் காக்கப்படுவதுமான ஒரு பப்பிரஸ் ஏட்டிலே, முசிறியிலிருந்து சென்ற ஹெர்மப்போலன் என்னும் கப்பலில் அறுபது பெட்டி நார்து இருந்ததாகக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. மரியாளின் கையிலிருந்த ஒரு இராத்தல் தைலம் முசிறி வழியாகவே போயிற்று என்று ஒருவரும் உறுதிகூற முடியாது. ஆனாலும் அதன் விலை ஏன் முந்நூறு பணமாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம் அது. அப்படிப்பட்ட தைலத்தின் பெயரைச் சொல்லி அறுபது ரூபாய்க்கு விற்கிறவர்களை என்னவென்று சொல்வது!

சடாமாஞ்சில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் செடி. 1997ஆம் ஆண்டுமுதல் அதன் சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே அதையும் அற்ப விலைக்கு விற்றால் ஐயப்படுங்கள்.

சில விசுவாசிகள் இதற்கு நேரெதிர்ப்பக்கம் நிற்கின்றனர். வாசனைச் சிகிச்சை என்பதே பிறமத வழக்கம், வீட்டில் வைக்கலாகாது என்பர். நறுமணப்பொருள்களைக் கூட்டுகிற விதத்தை மோசேக்குக் கற்பித்தவர் தேவனே என்பதை யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். அதே அதிகாரம், அந்தப் பரிசுத்த தைலத்தைப்போல ஒன்றை மனுஷர் தங்களுக்கென்று செய்துகொள்ளக் கூடாதென்றும் எச்சரிக்கிறது. எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழத்து அடையைப் பூசச்சொன்ன ஏசாயா, ஜெபத்தை விட்டுவிட்டு அதைச் சொல்லவில்லை. செடி தேவனுடைய சிருஷ்டி. அதற்கு முன்பாக மந்திரம் சொல்லுகிறதும், அதற்கு இல்லாத வல்லமையை ஏற்றிப் பேசுகிறதுமே தவறு. நம் மேடைகளுக்கு வெளியே நடக்கும் தைல விற்பனைக்கும் இது பொருந்தும் என்று தாழ்மையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

நித்திரையும் மனக்கலக்கமும்

இனி பயனைக் குறித்துப் பார்ப்போம். லாவெண்டரின் மணத்தில் லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருள்கள் முதன்மையானவை. 2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளை லினலூல் மணத்தை முகரச் செய்தபோது அவற்றின் பயம் தணிந்தது. முகரும் உணர்வை இழந்த சுண்டெலிகளிடத்தில் அந்த மாற்றம் உண்டாகவில்லை. ஆகவே அந்த மணம் மூக்கின் நரம்புகள் வழியாகவே மூளையில் செயல்படுகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். முகரும் நரம்புகள், பயத்தையும் நினைவையும் ஆளும் மூளைப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையவை. பழைய பெட்டியைத் திறந்ததும் வெட்டிவேரின் மணத்தோடு பாட்டியின் முகம் நினைவுக்கு வருகிறதே, அதுவும் இந்த வழியில்தான்.

மனுஷரிடத்தில் செய்த ஆய்வுகளைப் பற்றி அளவோடு பேசவேண்டும். லாவெண்டர் மணம் நித்திரையின் தரத்தைச் சற்று உயர்த்துகிறது, அறுவைச்சிகிச்சைக்கு முந்திய படபடப்பைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றில் அநேகம் சிறியவை. மேலும் மாத்திரை ஆய்வில் மெய்மாத்திரையையும் வெறுமாத்திரையையும் நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கலாம். மணத்தை மறைத்துக் கொடுப்பது எப்படி? அந்தத் தொல்லை இவ்வாய்வுகளில் எப்போதும் உண்டு.

உட்கொள்ளும் லாவெண்டர் மருந்து ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் எண்ணெய் அடங்கிய கேப்ஸ்யூல் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. 2010இல் வெளியான ஆறு வார ஆய்வொன்றில், தீராத கவலைநோய் உடையோருக்கு அது லொராசிபாம் என்னும் மாத்திரைக்கு ஒப்பான பலனைத் தந்தது. அந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை தயாரிப்பாளரின் ஆதரவோடு நடந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைக் கேள்விப்பட்டுத்தான் உள்ளுக்கும் ஏற்றது என்று சிலர் அச்சிடுகிறார்களோ என்னவோ. அந்தக் கேப்ஸ்யூல், அளவிடப்பட்டுத் தரம் சோதிக்கப்பட்ட மருந்து. கடையில் விற்கும் வாசனைக் குப்பி அதுவல்ல. குப்பியிலிருந்து ஒரு துளியும் வாய்க்குள் போகலாகாது. ஐரோப்பிய மருந்து முகமையும், உள்மருந்தாகக் கொள்ளும் லாவெண்டர் எண்ணெயைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் பயன்படுத்துவது எப்படி? நல்ல எண்ணெயில் இரண்டு துளி எடுத்து ஒரு பஞ்சுத்துண்டில் விட்டு, படுக்கைக்கு ஒரு முழ தூரத்தில், சிறு தட்டில் வையுங்கள். அரைமணி நேரம் போதும். தலையணைமேல் நேரடியாக விடவேண்டாம், தோலில் படும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். வலிப்புநோய் உள்ளவர்களும், கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தலாகாது.

இரவுப்பணி செய்து பகலில் உறங்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சம் அடைக்கப்படாத அறையில், தலைமாட்டில் கைப்பேசி ஒலித்துக்கொண்டிருக்க, பணி முடியும் நேரத்தில் ஒரு டம்ளர் தேநீரும் குடித்துவிட்டுப் படுத்தால் லாவெண்டர் என்ன செய்யும்? முதலாவது சன்னலுக்குக் கருந்துணித் திரை போடுங்கள். அது லாவெண்டரைவிட மலிவு. நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து, பஞ்சின் மணத்தையும் அந்த நேரத்தோடு பழக்கிக்கொண்டால், சில வாரங்களில் அந்த மணம் வந்ததும் சரீரம் நித்திரைக்கு ஆயத்தமாகும். என் அனுபவத்தில் லாவெண்டரின் பெரும்பயன் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

நித்திரையின்மையோடு இரண்டு வாரத்துக்கு மேலாக மனச்சோர்வும், உணவில் வெறுப்பும், ஜீவன்மேல் சலிப்பும் சேர்ந்திருந்தால் குப்பியை நாடவேண்டாம். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கோரின எலியாவை, தேவன் கடிந்துகொள்ளாமல் உறங்கவைத்து, தூதன் கையால் அடையும் தண்ணீரும் கொடுத்துத் தேற்றினார். விசுவாசக் குறைவு என்று ஒருவரையும் குற்றப்படுத்தாதிருங்கள். மருத்துவரிடத்தில் அழைத்துச் செல்லுங்கள். 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். எந்த மாநிலத்திலிருந்தாலும் தமிழில் பேச வசதியுண்டு. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் தைலத்தை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது. அப்படி நிறுத்தினவர்களின் குடும்பங்களை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

தோலுக்கும் துணிக்கும்

ரெனே மோரிஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலார் 1910இல் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். புண் சீழ்பிடித்த நிலையில் லாவெண்டர் எண்ணெயைப் பயன்படுத்திக் குணமடைந்ததாக எழுதினார். வாசனைச் சிகிச்சைக்கு வழங்கும் அரோமாதெரபி என்னும் பெயர், அவர் 1937இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவியது. இந்தக் கதையைக் கேட்டுச் சமையலறையில் சுட்டுக்கொண்டவர்கள் எண்ணெயைத் தடவுகிறார்கள். அது தவறு. தீப்பட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதே இன்றைய மருத்துவத்தின் முதலுதவி. அன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லை, இன்று இருக்கின்றன.

தோலில் தடவ விரும்பினால், ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெயில் ஒரு துளி போதும். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒருநாள் பாருங்கள். இயற்கையானது ஆகையால் ஒவ்வாமை வராது என்பது பொய். காற்றுப்பட்டுப் பழையதான எண்ணெயில் லினலூல் சிதைந்து, ஒவ்வாமையைத் தூண்டும் வேறு பொருள்களாக மாறுகிறது. மூடியை இறுக மூடி, குளிர்ந்த இருளான இடத்தில் வையுங்கள். திறந்து ஓராண்டு கடந்ததைத் தோலில் தடவாதீர்கள். 2007இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், லாவெண்டர் கலந்த பூச்சுகளைப் பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பு பருத்ததாகவும், நிறுத்தியபின் சரியானதாகவும் செய்தி வந்தது. அந்தத் தொடர்பைக் குறித்துப் பிற்பாடு வந்த ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் கைக்குழந்தைக்கு நாள்தோறும் வாசனை எண்ணெய் பூசவேண்டிய அவசியம் என்ன? தேங்காயெண்ணெய் போதாதா?

லாவெண்டரை நான் தடையின்றிப் புகழ்வது துணிப்பெட்டியின் விஷயத்தில்தான். ஐரோப்பிய வீடுகளில் உலர்ந்த லாவெண்டர் பூவைச் சிறு பைகளில் கட்டித் துணிகளின் நடுவே வைப்பது பழைய வழக்கம். நாமோ பாச்சை உருண்டையைப் போடுகிறோம். அதிலுள்ள நாப்தலீன், ஒருவகை நொதிக்குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளின் இரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடும். பெட்டியில் கிடந்த பழைய போர்வையைத் துவைக்காமல் பச்சைக்குழந்தைக்குச் சுற்றியதால் இப்படி நேர்ந்ததை மருத்துவ உலகம் நன்கு அறியும். மூன்று அங்குலப் பருத்திப் பையில் இரண்டு கைப்பிடி உலர்ந்த பூவை இட்டுத் தைத்து வைத்தால், மணத்துக்கு மணம், பூச்சியும் ஓரளவு விலகும். நாப்தலீனைப்போல பூச்சியைக் கொல்லாது. ஆகையால் துணியை வெயிலில் உலர்த்தியபின்பே பெட்டியில் வைக்கவேண்டும். பூ கிடைக்காவிட்டால் வெட்டிவேர் போதும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

பிள்ளை விழுங்கிவிட்டால்

நகரத்து ஒற்றை அறை வீடுகளில் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. அதனால்தான் இதைத் தனியே எழுதுகிறேன். லாவெண்டர் மாத்திரமல்ல, நாம் ஊட்டியிலிருந்து வாங்கிவரும் நீலகிரித் தைலமும், கற்பூரமும், ஓமத் தைலமும் இதே வகையைச் சேர்ந்தவை. நீலகிரித் தைலத்தை ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே சிறுபிள்ளைக்கு வலிப்பு வரலாம்.

விழுங்கிவிட்டதாக அறிந்தால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புநீர், மோர், பால் ஒன்றும் ஊட்டாதீர்கள். வாந்தியோடு மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்தால், வயிற்றில் இருந்ததைவிடக் கேடு அதிகம். வாயைத் துணியால் துடைத்துவிட்டு, பிள்ளை மயங்கினால் ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, 112ஐ அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்கு விரையுங்கள். குப்பியையும் அதன் பெட்டியையும் கொண்டுசெல்லுங்கள். பிள்ளை நன்றாக விளையாடுகிறான் என்று வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். மயக்கம் சற்றுப் பின்னரும் வரலாம்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குக் கடந்த மாதம் போயிருந்தேன். சன்னலில் கருநீலத் துணித் திரை தொங்கியது. கணவர் பணியிலிருந்து வந்து ஆறு மணிநேரம் அயர்ந்து உறங்குகிறாராம். பதர்வாவில் விளைந்த எண்ணெய் என்று அச்சிட்ட சிறு குப்பி ஒன்று வாங்கியிருந்தார்கள். "எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். எஃகு அலமாரியைத் திறந்து, நகைப்பெட்டிக்கும் ரேஷன் அட்டைக்கும் பக்கத்தில் இருந்ததைக் காட்டினார். சாவி அவர் தாலிக்கயிற்றில் கோத்திருந்தது.